14 மாதம் டிராயரில் கிடந்த வாஷர்

குளியலறைக் குழாய் கையோடு வந்தபோது இரவு 9:40. படுக்கப் போகும் முன் ஒரு வாளி பிடித்து வைப்போம் என்று போனவன் நான்தான். குழாய் இறுகியிருந்தது. கொஞ்சம் அழுத்தித் திருகினேன். திறப்பதற்குப் பதில் கழன்றுவிட்டது. பித்தளைக் குழாய் முழுசாக என் கையில், சுவரில் ஒரு ஓட்டை, அதிலிருந்து தொடையில் வந்து அடிக்கும் தண்ணீர்.

இந்த ஆய்வு அந்த ஒரு இரவைவிட, அதற்கு முந்தைய 14 மாதங்களைப் பற்றியது. மறுநாள் வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: சோம்பல். நானும் தலையாட்டினேன். அப்புறம் நோட்டை எடுத்து எந்த வேலையை எப்போது எழுதினேன், எப்போது என்ன செய்தேன் என்று பார்த்தபோது, அந்த வார்த்தை பாதிக்குத்தான் பொருந்தியது. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டின் நிலை

வீட்டுக்கு முப்பது வயதுக்கு மேல். தண்ணீர் லைன் முழுக்க ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), அரை இஞ்ச், சுவருக்குள் புதைத்தது. மாடியில் 750 லிட்டர் தொட்டி. தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். தொட்டிக்குக் கீழே ஒரு கேட் வால்வு. அதை மூடினால்தான் வீட்டுக்குள் எந்தக் குழாயையும் கழற்ற முடியும். குளியலறைக்குள் தனி வால்வு கிடையாது. அந்தக் காலத்தில் கட்டிய பல வீடுகள் இப்படித்தான்.

குளியலறைச் சுவரின் மறுபக்கம் படுக்கையறை. அங்கே ஒரு அலமாரி. இது பின்னால் தேவைப்படும்.

நடந்தது

முதல் மாதம் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அதே வாரம் வாஷர் வாங்கிவிட்டேன் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நோட்டில் ‘பாத்ரூம் குழாய் வாஷர்’ என்று எழுதி, வாஷரை டிராயரில் போட்டேன். மூன்றாவது வாரம் ரெஞ்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வால்வின் சக்கரம் அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்றேன். ரெஞ்ச் போட்டுத் திருகலாம், ஆனால் உடைந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் இருக்காது, சரிசெய்ய ஆளும் கையில் இல்லை. இறங்கி வந்துவிட்டேன். தொட்டி காலியாகும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம். தானாக நிரம்பும் தொட்டி எப்போது காலியாகும்? அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நான்காம் மாதம் ஒரு பிளம்பருக்குப் போன் செய்தேன். “ஒரு வாஷருக்காகவா சார்? இன்னும் ரெண்டு வேலை சேரட்டும், ஒண்ணா பார்த்துடலாம்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலை சேர்வதற்காகக் காத்திருந்தோம். அதுவும் சேர்ந்தது.

இடையில் சொட்டும் இடத்தில் ஒரு வாளி வைத்தோம். இந்தக் கதையில் எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த வாளி மேல்தான். சொட்டும் சத்தம் நின்றது. சேர்ந்த தண்ணீர் தரை துடைக்க உதவியது. வீணாகிறதே என்ற உறுத்தல் போனது. உறுத்தல் போனதும் வேலையின் அவசரமும் போய்விட்டது. ஒரு நாள் விளையாட்டாக அளந்து பார்த்தேன்: 200 மில்லி டம்ளர் நிறைய 25 நிமிடம். நாளுக்கு 11 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு 4,000 லிட்டருக்கு மேல். அளந்தேன், நோட்டில் எழுதினேன், அதோடு சரி.

சொட்டுகிறதே என்று ஆளுக்கு ஆள் குழாயை இறுக்கி மூட ஆரம்பித்தோம். இதுதான் உள்ளே நடந்த கெடுதலின் தொடக்கம் என்று இப்போது தெரிகிறது. தேய்ந்த வாஷரை அழுத்த அழுத்த அது உட்காரும் இருக்கையும் கீறுகிறது. அதனால் அடுத்த முறை இன்னும் அதிகமாக இறுக்க வேண்டியிருக்கிறது. இறுக்கி மூடியதைத் திறக்க அதே அளவு பலம் எதிர்த்திசையில் வேண்டும். அந்தப் பலம் கைப்பிடியோடு நிற்பதில்லை, குழாயைச் சுவரில் மாட்டியிருக்கும் மரை இணைப்பையும் அசைக்கும். ஆக, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கைப்பிடியை மட்டும் திருகவில்லை, சுவருக்குள் இருக்கும் இணைப்பையும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டிருந்தோம். ஏழாம் மாதவாக்கில் குழாய் லேசாக ஆடியது. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். “என்னங்க, குழாய் ஆடுது.” “வாஷர் மாத்தும்போது சேர்த்துப் பார்த்துடறேன்” என்றேன். பிளம்பரின் வசனம் எனக்குத் தொற்றியிருந்தது.

எட்டாம் மாதம் படுக்கையறைப் பக்கம், தரைக்கு ஒரு சாண் மேலே சுவரில் உப்புப் பூத்தது. உள்ளங்கை அளவு. பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. மழை ஓதம் என்று முடிவு கட்டினோம். பட்டி பார்த்து, மேலே பெயிண்ட் அடித்து, அலமாரியை ஒரு அடி நகர்த்தி வைத்தோம். மறைந்துவிட்டது. மழை நின்று பல வாரம் ஆகியும் அலமாரிக்குப் பக்கத்தில் ஓரம் எட்டிப் பார்த்தது. மழை ஓதமாக இருந்தால் வெயில் காலத்தில் சுருங்கியிருக்க வேண்டும். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தால் இரண்டே வாரத்தில் தெரிந்திருக்கும். கிச்சனில் மிச்சமிருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்ப்பதும் உண்டு. தாளின் சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அறைப் பக்கம் வேர்த்திருந்தால் காற்றின் ஈரம். இரண்டையும் நாங்கள் செய்யவில்லை. அலமாரி இருந்ததே.

பதினொன்றாம் மாதம், காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் சில நொடி மஞ்சளாக வந்தது. வாஷ் பேசின் குழாயின் முனைச் சல்லடையைக் கழற்றினால் துருச் சில்லுகள். கழுவி மாட்டினேன். 15 லிட்டர் வாளி நிறைய 4 நிமிடம் ஆனதும் இந்தக் காலத்தில்தான். யாரும் அதைப் பழுதாக நினைக்கவில்லை. ‘நம்ம வீட்டுக் குழாய் மெதுவாத்தான் வரும்’ என்று பழகியிருந்தோம்.

அந்த இரவு

ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினால் விரலிடுக்கில் பீச்சியது. கடைசியில் மரக் கரண்டியின் காம்பில் துணி சுற்றி அடித்து ஏற்றினோம். ஒழுக்கு கசிவாகக் குறைந்தது. தொட்டியைச் சீக்கிரம் காலி செய்வதற்காக மற்றக் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டோம். இது ஒன்றுதான் அன்று உருப்படியாகத் தோன்றிய யோசனை. ஆனால் இருபது நிமிடம் கழித்து மகள் மாடிப்படியிலிருந்து கத்தினாள்: “அப்பா, மேல மோட்டார் ஓடுது!” தண்ணீர் மட்டம் இறங்கியதும் தானியங்கி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. நாங்கள் கீழே காலி செய்ய, அது மேலே நிரப்பிக்கொண்டிருந்தது.

தரையில் தண்ணீர் தேங்கியதற்குக் காரணம் இன்னொரு வேலை. தரை ஜாலிக்குக் கீழே முடி அடைத்து, தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நோட்டில் அது மூன்றாவது வரி. வாஷரும் ஜாலியும் தனித்தனியே இருந்தவரை இரண்டுமே அற்ப விஷயம். அன்று இரவு இரண்டும் சேர்ந்தபோது தண்ணீர் வாசற்படி தாண்டிப் படுக்கையறைக்கு வந்தது, அலமாரியின் அடிப்பலகை ஊறியது.

ஒரு வேடிக்கையும் உண்டு. பைப்புக்குள் துரு அவ்வளவு அடைத்திருந்ததால்தான் தண்ணீர் அளவாக வந்தது. புது லைனாக இருந்திருந்தால் கரண்டிக் காம்பு தாங்கியிருக்காது.

வெட்டிப் பார்த்தது

மறுநாள் காலை வந்தவர் வேறொரு பிளம்பர், வயதானவர். குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் டிராயரிலிருந்து வாஷரை எடுத்து நீட்டினேன். என்ன நினைப்பில் நீட்டினேன் என்று இன்றும் புரியவில்லை. “அது இருக்கட்டும் சார். மேல வால்வைக் கடைசியா எப்பத் திருப்புனீங்க?” என்றார். “நாங்க திருப்பினதே இல்லண்ணே. மூணாவது வாரம் முயற்சி பண்ணேன், அசையல.” “அப்ப உங்க வேலை குழாய் இல்ல, வால்வு” என்றார்.

மாடியில் அவர் ரெஞ்ச் போட்டுத் திருகியபோது சக்கரம் சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. சக்கரத்தின் தண்டான ஸ்பிண்டில் மட்டும் சுற்றுகிறது, உள்ளே தகடு உப்புப் பிடித்து உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. கேட் வால்வு என்பது ஒரு தகட்டை ஏற்றி இறக்கித் தண்ணீரை மறிக்கும் அமைப்பு. வருடக்கணக்கில் அசைக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். மூன்றாவது வாரம் நான் ரெஞ்ச் போடாமல் இறங்கி வந்தது அப்போதைக்குச் சரியான முடிவுதான். வால்வு பழுது என்று நோட்டில் எழுதாமல் விட்டதுதான் தவறு.

பிறகு உடைந்த நிப்பிளை, அதாவது குழாயைச் சுவருக்குள் இருக்கும் லைனோடு இணைக்கும் மரை போட்ட சின்னப் பைப் துண்டைக் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த விளிம்பு வட்டம் முழுக்கக் கரும்பழுப்பு. பல இடத்தில் காகித கனம். ஒரே ஒரு இடத்தில், சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு, புது உலோகம் பளிச்சென்று இருந்தது. நேற்று இரவு உடைந்தது அந்த நக அகலம் மட்டும்தான். மற்றதெல்லாம் எப்போதோ விட்டுப்போனது. துரு ஏறிய முறிவு பழசு, பளபளக்கும் முறிவு புதுசு. குழாய் பல மாதமாக அந்த நக அகலத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சுவரின் மறுபக்கத்து உப்பு அந்தப் பழைய முறிவு வழியாக வந்தது.

மரைப் பகுதியில் உடைந்தது தற்செயல் அல்ல. ஜி.ஐ. பைப்பைக் காப்பது மேலே பூசிய துத்தநாகம். மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் போகிறது, பைப்பின் கனமும் குறைகிறது. அதனால் பழைய லைனில் முதலில் விடுவது பெரும்பாலும் இணைப்புகள்தான். போதாததற்கு எங்கள் வீட்டில் இரும்பு மரையில் பித்தளைக் குழாய். இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் ஒட்டி இருந்தால் துத்தநாகமும் இரும்பும்தான் முதலில் கரையும். பித்தளை நன்றாக இருக்கும். என் கையோடு வந்த குழாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

வெட்டிய நேர் பைப்பில் ஒரு சாண் துண்டை வாங்கி வைத்திருக்கிறேன். வெளியே இன்னும் சாம்பல் நிறம், தட்டினால் திடமான சத்தம். உள்ளே பார்த்தால் பழுப்பு முடிச்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. 15 மில்லிமீட்டர் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சில்தான் நுழைந்தது, அதுவும் நெருடியபடி. பென்சில் அளவு என்றால் 7 மில்லிமீட்டர். தண்ணீர் போகும் பரப்பு பழையதில் கால் பங்குக்கும் கீழே. முடிச்சுகளின் சொரசொரப்பு அதையும் தடுக்கும். மாடித் தொட்டி லைனில் தள்ளும் அழுத்தமும் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார், எங்கள் தொட்டி குழாயிலிருந்து 4 மீட்டர்தான். வாளி 4 நிமிடம் எடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒட்டுவதா, மாற்றுவதா

நான் கேட்டது ஒரு நிப்பிளும் ஒரு வால்வும். அவர் மறுத்தார். பழைய ஜி.ஐ. லைனில் ஒரு இணைப்பைக் கழற்ற ரெஞ்ச் போட்டால் அந்த முறுக்கு அடுத்த எல்போவுக்கு (வளைவு இணைப்பு) போகும், அது விட்டால் அதற்கடுத்த டீக்கு (மூன்று வழி இணைப்பு) போகும் என்றார். இரண்டு ரெஞ்ச் போட்டு, ஒன்றால் பைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதால் கழற்றினாலும், காகித கனத்துக்கு வந்த மரை தாங்காது. ‘ஒரு வேலை மூணாகும்’ என்று பிளம்பர்கள் சொல்வதைக் காசு பார்க்கும் பேச்சு என்று நினைத்திருந்தேன். நிப்பிளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

குளியலறை லைனை முழுசாக சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றினோம். வெந்நீரையும் தாங்கும் என்பதால் அது, சாதாரண பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது. சுவரை உடைக்காமல் வெளியே கிளாம்ப் அடித்து ஓட்டினோம். பார்க்க அழகில்லை என்று உறவினர் ஒருவர் சொன்னார். அடுத்த முறை கசிந்தால் எங்கே என்று பார்த்தாலே தெரியும். எனக்கு அந்த அழகு போதும். மாடியில் கேட் வால்வுக்குப் பதில் கால் சுற்றில் மூடும் பால் வால்வு, குளியலறைக்குள் தனியாக இன்னொன்று. பழைய பைப் சுவருக்குள்ளேயே இருக்கிறது, இரு முனையும் துண்டித்தபடி.

ஒரு விஷயம் கிட்டத்தட்டத் தவறிப்போயிருக்கும். பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர் பைப்பில் கட்டியிருப்பது உண்டு. பைப்பைப் பிளாஸ்டிக்காக மாற்றினால் அந்த எர்த் அங்கேயே அறுந்துவிடும். மின் வேலைக்கு வந்தவர் ஹீட்டர் பிளக்கின் பின்னால் பார்த்தபோது, எர்த் கம்பி பைப்பை நோக்கித்தான் போயிருந்தது. வேறு எர்த் இழுத்த பிறகுதான் ஹீட்டரைப் போட விட்டார். பைப் மாற்றப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் விடவேண்டாம். தண்ணீர்க் கசிவு சுவரைத்தான் கெடுக்கும், இது ஆளையே கெடுக்கும்.

வேலை முடிந்ததும் அதே 15 லிட்டர் வாளி: 1 நிமிடம் 20 நொடி.

ஏன் தள்ளிப்போனது

ஃபியூஷியா சிரோய், திமோதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்த கருத்து பரவலாகப் பேசப்பட்டது: தள்ளிப்போடுவது நேர நிர்வாகக் கோளாறு என்பதைவிட, இந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் வழி. வேலையை நினைத்தால் மனம் கசக்கிறது. ஒதுக்கி வைத்ததும் இலேசாகிறது. பில்லைப் பின்னால் வரும் நம்மிடம் நீட்டிவிடுகிறோம். வாளிக்கும் அலமாரிக்கும் இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது. இரண்டும் பைப்பை ஒன்றும் செய்யவில்லை, எங்கள் மனதைத்தான் பழுதுபார்த்தன.

ஆனால் என் மனதை மட்டும் குடைந்தால் பாதிதான் கிடைக்கும். மூன்றாவது வாரம் நான் ரெஞ்சோடு மாடி ஏறியவன்தானே. ‘பாத்ரூம் குழாய் வாஷர்’ என்று எழுதிய வேலை, எழுதியபடி செய்ய முடியாத வேலை. அதற்கு முன்னால் ஒரு வால்வு, வால்வுக்கு முன்னால் தொட்டியைக் காலி செய்வது, அதற்கும் முன்னால் மோட்டாரை நிறுத்துவது. நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வாஷர் என்ற வார்த்தை ‘பத்து நிமிட வேலை’ என்றது. வால்வு ஞாபகம் ‘முடியாது’ என்றது. இரண்டுக்கும் நடுவில் நோட்டை மூடிவிடுவேன். பத்து நிமிட வேலையைக்கூடச் செய்யாதவன் என்ற வெட்கம் வேறு. புது வீட்டில் வாஷர் மாற்றுவது தனி வேலை. பழைய வீட்டில் எந்தத் தண்ணீர் வேலையும் தனியாக நிற்பதில்லை. நாம் எழுதி வைப்பது பெரும்பாலும் வரிசையின் கடைசி வேலையை.

சோம்பல் என்று சொன்னவர்களுக்கு இதைச் சொன்னபோது, நல்ல சாக்கு என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஜாலி அடைப்புக்கு இந்தச் சாக்கு கிடையாது. அதற்கு முன்னால் எந்த வால்வும் இல்லை. கையை விட்டு முடியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது அருவருப்பு, அதனால் விட்டேன்.

இப்போது

நோட்டில் பொருளின் பெயரை எழுதுவதில்லை, முதலில் கை படும் செயலை எழுதுகிறேன். ‘வாஷர்’ என்பதற்குப் பதில் ‘மாடி வால்வு மூடுகிறதா பார்’. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய ‘இது நடக்கும்போது இதைச் செய்வேன்’ என்ற முறையையும் ஒன்றில் பயன்படுத்துகிறேன்: மாத முதல் வாரம் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது வால்வை ஒரு முறை மூடித் திறப்பது. கை வைத்தால் சுற்றுகிறது. ஒவ்வொரு வால்விலும் எந்த அறைக்கு என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. மோட்டாரை எங்கே நிறுத்துவது என்று மகளுக்கும் தெரியும்.

இன்னொன்று, இரவுச் சோதனை. படுக்கும் முன் மோட்டாரை அணைத்து, தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு. இரவில் யாரும் தண்ணீர் திறக்காமல், காலையில் முதல் வேலையாகப் பார்ப்பது. எங்கள் தொட்டியின் விட்டம் 1 மீட்டர். மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர். புது லைன் போட்ட வாரம் பெருமையாகச் செய்து பார்த்தேன். 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

லைனில் எங்கும் ஈரம் இல்லை. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் உணவு நிறத்தைக் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருந்தேன். கமோடுக்குள் நிறம் இறங்கியிருந்தது. டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் சரியாக உட்காரவில்லை. முதலில் டேங்குக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கைத் திருப்பிப் பார்த்தேன். மூடுகிறது. பழைய ரப்பரைக் கழற்றி எடுத்துப் போய் அதே அளவில் புதுசு வாங்கி வந்திருக்கிறேன். இந்த முறை டிராயரில் போடவில்லை. கமோடு மூடியின் மேல் வைத்திருக்கிறேன். அதை எடுக்காமல் யாரும் உட்கார முடியாது.